டிரெய்லர் ஃபிரிட்ஜின் வடிகுழாயை மாற்றினேன்

வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பயண வீடான எங்கள் டிரெய்லரில், ஃபிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் இழுப்பறை கொஞ்ச நாளாகவே இழுக்க வராமல் அடம்பிடித்தது. தரைப் பலகை ஓரத்தில் உப்பியிருந்தது. கூரை ஒழுகுகிறதோ என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் மழையே இல்லாத வாரத்திலும் ஈரம் காயவில்லை. அப்படியானால் தண்ணீர் ஃபிரிட்ஜிலிருந்துதான் வர வேண்டும்.

நாங்கள் அடிக்கடி போவது டெக்சாஸின் பாட்ரே தீவுக் கடற்கரை. மெக்சிகோ வளைகுடாக் காற்றில் ஈரம் அதிகம். கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஈரக் காற்று உள்ளே போய், பின்சுவரில் இருக்கும் அலுமினியத் தகடுகளில் பனியாகப் படிகிறது. பிறகு உருகி, தகடுகளுக்குக் கீழே உள்ள சிறு தட்டில் சேர்கிறது. அந்தத் தட்டிலிருந்து தண்ணீரை வண்டிக்கு வெளியே கொண்டுபோவதுதான் வடிகுழாயின் வேலை. மூடாமல் வைத்த ரசமும் சாம்பாரும் இந்தத் தண்ணீரைக் கூட்டுகின்றன. பாத்திரத்தை மூடி வைப்பது குழாய்க்கும் நல்லது.

இந்த வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. 1922-இல் ஸ்வீடனில் வான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறையில் இது ஓடுகிறது. அம்மோனியா, ஹைட்ரஜன், தண்ணீர் மூன்றும் மூடிய இரும்புக் குழாய்களுக்குள் இருக்கும். அடியில் ஒரு சிறு சுடர் சூடேற்றினால் அவை தாமே சுழன்று குளிர்ச்சியைத் தரும். பாட்ரே தீவின் மாலக்கீட் முகாமில் மின் இணைப்பு இல்லை. சிலிண்டர் கேஸில் ஓடும் இந்த ஃபிரிட்ஜால்தான் அங்கே பாலும் இட்லி மாவும் கெடாமல் இருக்கின்றன. எனக்கு இந்த இயந்திரத்தின் மீது தனி மரியாதை உண்டு. ஆனால் குளிரும் பெட்டிக்கு முதுகிலேயே அடுப்பும் புகைபோக்கியும் இருக்கின்றன. வடிகுழாய்க்கு அதுதான் எமன்.

சிலிண்டர் வால்வை மூடி, மின்சாரத்தைத் துண்டித்து, எல்லாம் ஆறும்வரை காத்திருந்தேன். பிறகு வண்டியின் வெளிப்பக்கத்தில் இருக்கும் காற்றுக்கதவைக் கழற்றினேன். காரணம் பார்த்தவுடனே புரிந்தது. பழைய குழாய் புகைபோக்கியின் தகர உறை மீது சாய்ந்து கிடந்தது. உறையைத் தொட்ட இடத்தில் பழுப்பேறி, விரலால் அழுத்தியதும் அப்பளமாக நொறுங்கியது. உடைந்த இடத்திலிருந்து தண்ணீர் நேராகப் பலகையில் சொட்டியிருக்கிறது. ஒரு சாண் தள்ளி ஃபிரிட்ஜின் மின்சுற்றுப் பலகை இருக்கிறது. அதில் சொட்டாமல் இருந்தது எங்கள் நல்ல காலம்.

மேல்முனையைக் கழற்றுவதில்தான் பொறுமை தேவைப்பட்டது. தட்டிலிருந்து வரும் பிளாஸ்டிக் மூக்கில் குழாய் இறுகிப் பிடித்திருந்தது. அந்த மூக்கு பெட்டியோடு சேர்ந்தது. அது உடைந்தால் தட்டையே கழற்ற வேண்டியிருக்கும். அதனால் குழாயைத் திருகவோ இழுக்கவோ இல்லை. பிளேடின் நுனியால் குழாயின் நீளவாக்கில் மெல்லக் கீறி, வாழைத்தண்டுப் பட்டை மாதிரி பிரித்து எடுத்தேன். கீறல் மூக்கைத் தொடாத அளவுக்கு ஆழம் போதும். மிச்சம் கையாலேயே விரிந்துவிடும்.

புதிதாக வாங்கியது சிலிகோன் குழாய். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வினைல் குழாயும் வேலை செய்யும். ஆனால் சூட்டிலும் வெயிலிலும் அது மறுபடி இறுகிப்போகும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலே போகும் நீளத்துக்கு விலை பார்ப்பதில் அர்த்தமில்லை. சிலிகோனில் ஒரு குறை, அது மென்மையானது. வளைவில் மடிந்து அடைத்துக்கொள்ளும். அதற்காகக் கனமான சுவருள்ள குழாயாகப் பார்த்து எடுத்தேன். உள்விட்டத்தைப் பழைய துண்டை வைத்தே அளந்துகொண்டேன். ஃபிரிட்ஜுக்கு ஃபிரிட்ஜ் அது மாறும்.

முனையை வெந்நீரில் நனைத்து மூக்கில் ஏற்றி, ஒரு கிளாம்ப் போட்டேன். குழாயைப் புகைபோக்கிக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோய், ஓரச் சட்டத்தில் கேபிள் டையால் கட்டினேன். வழி நெடுக இறக்கம் இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். கடைசியில் மட்டும் வேண்டுமென்றே சிறிய வளைவு ஒன்று விட்டேன். குளிர்ந்த காற்று கனமானது. குழாய் திறந்து கிடந்தால் அது அதன் வழியாகவே கீழே இறங்கி வெளியேறிவிடும். அந்த இடத்தை நிரப்ப, கதவு ரப்பரின் இடுக்குகள் வழியாக ஈரக் காற்று உள்ளே நுழையும், பனி இன்னும் அதிகமாகப் படியும். வளைவில் நிற்கும் தண்ணீர் அதைத் தடுக்கிறது. உறைபனி விழும் ஊர்களில் குளிர்காலத்தில் இந்த வளைவை ஊதிக் காலி செய்துவிட வேண்டும்.

சோதிக்க, உள்ளே தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். ஒழுக்கு கண்ணில் படுவதற்காகச் சொட்டு நீலம் கலந்துகொண்டேன். மஞ்சள் தூள் கலக்க வேண்டாம். இந்த ஃபிரிட்ஜுகளில் குழாய் துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் குரோமேட் மஞ்சள் நிறம். பின்பக்கத்தில் மஞ்சள் படிவு தெரிந்தால் அது அம்மோனியாக் கசிவின் அடையாளம். அந்த நிறத்தை நாமே அங்கே கொண்டுபோய்ப் பூசினால் பிறகு எதை நம்புவது? நீலத் தண்ணீர் காற்றுக்கதவின் அடி இடுக்கு வழியாகத் தரையில் விழுந்தது. பலகையில் ஒரு சொட்டு இல்லை.

உப்பிய பலகையை மின்விசிறி வைத்துக் காயவிட்டு, ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குத்தான் மெத்தென்று இருந்தது. அதைச் சுரண்டி எடுத்து எபாக்ஸி நிரப்பியாயிற்று. இழுப்பறை தடையின்றி ஓடுகிறது. அடுத்து காற்றுக்கதவுக்கு உட்புறம் கம்பிவலை அடிக்க வேண்டும். இங்கே மண்கூடு கட்டும் குளவிகள் எந்தத் துளையையும் விடுவதில்லை; வடிகுழாயின் வாய் அவற்றுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது. வலை பர்னருக்குப் போகும் காற்றைத் தடுக்கக் கூடாது என்பதால், எவ்வளவு நெருக்கமான கண்ணியுள்ள வலை சரிப்படும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.