குன்னூர் வீட்டில் நாஸ்டர்ஷியம்

பிப்ரவரி 9

உறைபனி பயம் விலகிவிட்டது, இனி விதைக்கலாம். கொண்டைக்கடலை அளவுள்ள சுருங்கிய விதைகள், தோல் கெட்டி. நேற்று ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். பிடுங்கி நட்டால் இதன் வேர் தாங்காது. அதனால் நாற்று விடவில்லை; கல்கட்டு ஓரத்தில், பூக்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிட்டேன்.

எதிர்வீட்டு அக்கா அன்போடு ஒரு கூடை மாட்டெரு கொண்டுவந்தார். ரோஜாவுக்கு வாங்கி வைத்தேன். நாஸ்டர்ஷியத்துக்கு ஒரு பிடிகூடக் கிடையாது. தழைச்சத்து கூடினால் இலையாகவே தள்ளும், பூ குறைந்துபோகும். கல்லும் சரளையுமான அந்த மண்ணே போதும்.

பிப்ரவரி 22

முளைத்துவிட்டது!

மார்ச் 16

கொடி கம்பிவலையில் ஏறுகிறது. பற்றுக்கம்பி எதுவும் கிடையாது, இலைக்காம்பே வளைந்து பிடித்துக்கொள்கிறது. காம்பு வட்ட இலையின் விளிம்பில் சேராமல் அடியில், கிட்டத்தட்ட நடுவில் சேர்கிறது. தண்ணீர் தெளித்தால் தாமரை இலையில் போலவே முத்தாக உருண்டு ஓடுகிறது. இலைமேல் உள்ள நுண்ணிய மெழுகுதான் காரணம்.

ஏப்ரல் 10

ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளுகிறது. பூவின் பின்னால் வால்போல நீண்ட குழாயில் தேன். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் செடி இது. அங்கே ஓசனிச்சிட்டுகள் குடிக்கும் தேனுக்கு இங்கே தேன்சிட்டு வந்து தொங்குகிறது.

மதியம் இலைகளைப் பொடியாக நறுக்கித் தயிர்ப்பச்சடி செய்தேன். ஒரு இலையைத் தனியாக மென்று பார்த்த அத்தை, “பப்பாளி விதையைக் கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருக்கும்மா” என்றார். எவ்வளவு சரியான நாக்கு! இரண்டிலும் காரம் தருவது ஒரே பொருள்தான், பென்சைல் ஐசோதயோசயனேட். பப்பாளி, முருங்கை, முட்டைக்கோஸ், நாஸ்டர்ஷியம் எல்லாமே தாவரவியலில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை.

ஏப்ரல் 19

ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸின் மகள் எலிசபெத் கிறிஸ்டினா, அந்தி வேளையில் இந்தப் பூக்கள் பளிச்சிடுவதைக் கண்டு 1762இல் ஒரு கட்டுரையே வெளியிட்டார். பூவில் மின்சாரம் ஏதும் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் பச்சைக்கு நடுவே ஆரஞ்சைக் கண் வாங்கும் விதம் அது என்று பின்னால் விளக்கினார்கள். என்றாலும் அதைக் கவனித்து, எழுதியும் வைத்த அந்தப் பெண்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இன்று ஆறரை மணிக்கு மேல் நின்று பார்த்தேன். உற்றுப் பார்த்தால் ஒன்றுமில்லை. பார்வையை மெதுவாக நகர்த்தும்போது ஓரக்கண்ணில் ஒரு பூ சட்டென்று துடித்தது. அத்தையைக் கூப்பிட்டேன், அவருக்கும் தெரிந்தது.

மே 12

தளிர்களின் அடியில் கறுப்பு அசுவினி. மருந்து அடிக்கும் எண்ணமே இல்லை, இது நாங்கள் சாப்பிடும் செடி. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினேன், மோசமான நுனிகளைக் கிள்ளி எறிந்தேன்.

காய்கள் மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு திரள்கின்றன. பச்சையாக இருக்கும்போதே பறித்து உப்பு நீரில் ஊறவைத்து, அப்புறம் வினிகரில் போட்டால் ஊறுகாய். ஒரு சிறு ஜாடிக்குத் தேறும். மேல்வரிசைக் காய்களில் மட்டும் கை வைக்கப் போவதில்லை. எதிர்வீட்டு அக்கா விதை கேட்டிருக்கிறார்.