ஒரே குக்கர் சோறு, நாலு விதமான தட்டு

பெங்களூரின் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு தமிழ் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதைத் தாண்டிய பாட்டி, சர்க்கரைக்கு மாத்திரை போடும் அப்பா, மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமுள்ள அம்மா, ஜிம்முக்குப் போகும் பையன். நாலு பேருக்கும் ஒரே சோறு, ஒரே சாம்பார். ஆளுக்கொரு சமையல் யாராலும் முடியாது, தேவையும் இல்லை. யார் தட்டில் எது எவ்வளவு விழுகிறது என்பதை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு முன் அந்த உடம்பில் எது குறைகிறது, எது மிஞ்சுகிறது என்று தெரிய வேண்டும்.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின், டேப் வைத்து அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால், ஒல்லியாகத் தெரிந்தாலும் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். பிறகு ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) ஆகியவற்றைப் பாருங்கள். ஃபெரிட்டினைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதைப் பார்த்துப் பயந்து சோற்றைக் குறைத்து இன்னும் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு.

புரதக் கணக்கு எளிது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்னது, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ என்றால் 50 கிராம். மூன்று இட்லி சாம்பார் 9, மதியம் 100 கிராம் அரிசியில் வெந்த சோறு 8, சாம்பார் 4, தயிர் 5, இரண்டு காபி 6, இரவு இரண்டு சப்பாத்தி குருமா 9. கூட்டினால் 41தான். வயிறு நிறைந்திருக்கும், புரதம் நிறைந்திருக்காது. முதியவர்களுக்குத் தசை கரைவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே பாட்டிக்கு இடைவெளி இன்னும் பெரிது. பல் இல்லை என்று அவர் தயிர்ச்சாதத்தோடு நிறுத்திக்கொள்வதும் இதோடு சேர்கிறது.

நிரப்ப எளிய வழி சாம்பார்தான். நாலு பேருக்கு 80 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு நாலு கிராம் சொச்சம். 160 போட்டால் இரட்டிப்பு. இரண்டு முட்டை 12 கிராம். 20 கிராம் மீல்மேக்கர் 10 கிராம். மார்கழி, தை வந்துவிட்டால் பெங்களூரு மார்க்கெட் முழுக்க அவரைக்காய்தான். அதன் பருப்பை இரவு ஊறவைத்து, காலையில் கட்டைவிரலால் அழுத்தினால் தோல் வழுக்கி, பிதுக்குப் பருப்பு வெளியே குதிக்கும். வாயு தொந்தரவு உள்ளவர்களுக்குத் தோல் நீக்கியது ஒத்துக்கொள்ளும்; மலச்சிக்கல் உள்ளவர்களுக்குத் தோலோடுதான் நல்லது, நார்ச்சத்து அதில்தான். ஒரே கூடைக் காய், இரண்டு பாத்திரம். கிரியேட்டினின் கூடியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தை ஏற்றாதீர்கள்.

இனி சர்க்கரை. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் 2015-ல் 800 பேரை வைத்துப் பார்த்தது: ஒரே உணவுக்கு ஒவ்வொருவர் ரத்தத்திலும் சர்க்கரை வெவ்வேறு அளவில் ஏறியது. ஆகவே அடுத்த வீட்டுக்காரர் களிக்கு மாறி நன்றாக இருக்கிறார் என்பது உங்களுக்குச் சான்றாகாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மி.கி. அளவில் கால்சியம் இருப்பது உண்மை, அந்த வகையில் பாட்டிக்கு அது நல்ல சாப்பாடு. ஆனால் மாவுச்சத்து அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நைசாக அரைத்துக் கூழாக்கினால் மளமளவென்று ஏறும்.

குளுக்கோமீட்டரில் இப்படிப் பாருங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். பழம் உரித்த விரலில் குத்தினால் பொய்யான எண் வரும். விரல் நுனியில் வேண்டாம், பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. சாப்பிடுமுன் ஒன்று, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரத்தில் ஒன்று. ஒரு நாள் நாலு இட்லி சட்னி, இன்னொரு நாள் இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும், மற்றொரு நாள் களி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும், ஏனென்றால் தூக்கம் கெட்டாலே எண் மாறும். மீட்டரே 15 சதவீதம் முன்பின் காட்டலாம் என்பதால் 148-க்கும் 155-க்கும் வித்தியாசம் பார்க்காதீர்கள். 190-க்கும் 145-க்கும் உள்ளதுதான் செய்தி. இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று பாதியாக்கக் கூடாது, சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். மருந்தளவையும் சேர்த்து டாக்டரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம், அதையும் கவனியுங்கள்.

அம்மாவுக்குத் தேவை இரும்பு: பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி., ஆணுக்கு 19. கீரையை எவ்வளவு சாப்பிட்டாலும், தர்ஷினியில் (பெங்களூரின் நின்று சாப்பிடும் டிபன் கடை) டிபன் முடித்த கையோடு குடிக்கிற காபி அதன் இரும்பில் ஒரு பங்கு உடம்பில் சேராமல் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். ஃபெரிட்டின் மிகக் குறைவென்றால் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.

மரபணுவைப் பார்த்து உணவு சொல்கிறோம் என்ற விளம்பரங்களுக்குப் பணம் செலவழிக்காதீர்கள் என்பது என் கருத்து. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருடம் கவனித்து 2018-ல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைப்பதா மாவுச்சத்தைக் குறைப்பதா என்பதை மரபணு முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் காசுக்கு நல்ல கிச்சன் தராசும் ஒரு பெட்டி குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பும் வாங்கலாம்.

மாற்றியபின் எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்தே பாருங்கள். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதற்கு முன் பார்த்தால் பழைய சாப்பாட்டின் கணக்கும் கலந்தே வரும். இடுப்பளவை மட்டும் மாதம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், அதே இடத்தில் அளந்து குறித்துவையுங்கள்.