வீடு நம்முடையது, அடிமனை யாருடையது?

"அப்பா, 38,000 டாலருக்கு ஒரு வீடு வருகிறது. மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை. பழைய வீடுதான், ஆனால் கச்சிதமாக இருக்கிறது" என்றாள் மகள்.

"மனை எவ்வளவு?" என்று கேட்டேன். பத்திர எழுத்தனின் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

"மனை கிடையாது அப்பா. வீடு மட்டும். லாரியில் கட்டி இழுத்துவந்து நம் இடத்தில் வைத்துவிடலாம்."

"நம் இடம் என்றால் எது?"

"அதை மாத வாடகைக்கு எடுக்க வேண்டும்."

மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டியில் இருக்கிறார்கள். எங்கள் கடலூரைப் போலவே கடலோர ஊர். வாடகை கொடுத்து மாளவில்லை என்பதால் சொந்த வீடு தேடத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருந்த பணத்துக்கு எட்டியது, தொழிற்சாலையில் கட்டி விற்கும் வீடு. அங்கே அதை மேனுஃபேக்சர்டு ஹோம் என்கிறார்கள். அடியில் நிரந்தரமான இரும்புச் சட்டம் இருக்கும். அதில் சக்கரம் மாட்டி இழுத்துச் செல்வார்கள்.

மனை இல்லாத வீடு என்றதும் நான் திகைக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்ததே அப்படிப்பட்ட வீட்டில்தான். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுச் சுவரும் ஓடும் அப்பாவுடையவை. அடிமனை கோயிலுடையது. மாதாமாதம் மனை வாடகை கட்டி, ரசீதைக் கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிடுவார். அக்காவின் திருமணத்துக்காக வீட்டின் பேரில் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது, "மனை உங்கள் பெயரில் இல்லையே" என்று காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் கட்டுமானத்தை மட்டும் கிரயம் செய்துகொடுத்தார். அதே தெருவில் சொந்த மனையோடு விற்ற வீட்டுக்குக் கிடைத்த பணத்தில் பாதிகூட வரவில்லை. அன்று அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பையன்தான், பிறகு மஞ்சக்குப்பத்தில் 34 ஆண்டுகள் பத்திரம் எழுதினான். அதனால் மகள் சொன்னதும், "அம்மா, ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள். எல்லாவற்றையும் எழுதுவோம்" என்றேன்.

நம் ஊரில் 20 லட்சத்துக்கு ஒரு வீட்டைக் கிரயம் செய்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,80,000 ரூபாய் மேற்கொண்டு வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடலாம். பட்டா மாற்றம், வில்லங்கச் சான்று எல்லாம் அதற்குப் பிறகு வரும் சில்லறைச் செலவு. அங்கே நிலைமை வேறு. விலை குறைவு, மேற்செலவு அதிகம். அதையும் ஒரே இடத்தில் யாரும் கூட்டிச் சொல்வதில்லை. இழுப்பவர் இழுக்கும் கூலியைச் சொல்கிறார், மின்பணியாளர் தன் கூலியைச் சொல்கிறார், மனைக்காரர் தன் வாடகையைச் சொல்கிறார். கூட்ட வேண்டியவர்கள் நாம்தான்.

அந்த 38,000 டாலர் வீடு சான் ஆன்டோனியோ பக்கத்தில், 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்றது. இழுத்துவந்து வைக்க 9,500 டாலர் கேட்டார்கள். அதில் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் வாங்கச் சொன்னேன். பழைய இடத்தில் இணைப்புகளைக் கழற்றுவது, சாலையில் அகலச் சுமைக்கான அனுமதி, உடன் வரும் வழிகாட்டி வண்டி, புதிய இடத்தில் தூண்கள் அடுக்கி மட்டம் பார்த்து உட்காரவைப்பது, நங்கூரம் அடித்துக் கட்டுவது, அவ்வளவுதான். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய்களைத் திரும்ப இணைக்க 2,800. குளிர்சாதனத்தைப் பொருத்த 1,400. தரைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைச் சுற்றி மறைப்புத் தகடு அடிக்க 1,900. முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் படிகள் 900. வீடு தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் படி இல்லாமல் உள்ளே போகவே முடியாது. அந்தப் படியைக்கூட விலைக்குள் சேர்க்கவில்லை. எல்லாம் கூட்டினால் 16,500 டாலர். 38,000 ஆக இருந்த வீடு 54,500 ஆகிவிட்டது. காப்பீடும் மனைக்கான முன்பணமும் இன்னும் சேரவில்லை.

மட்டம் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேரை இழுக்க ஊரே வடம் பிடிக்கும். ஆனால் முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத் திருப்பி, நிலையில் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே, கைத்திறன் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இந்த வீடும் அப்படித்தான். இழுத்துவந்துவிடலாம், நிலையில் நிறுத்துவதுதான் பாடு. அடியில் அடுக்கிய தூண்களில் ஒன்று இளகிய மண்ணில் அரை அங்குலம் இறங்கினால் போதும், கதவு சட்டத்தில் உரசும், சன்னல் இறுகிக்கொள்ளும், சுவர்ப் பலகைகளின் இணைப்பு பிளக்கும். மட்டம் பார்ப்பதை ஒரு தடவைச் செலவாக எழுதாதே, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் செலவாக எழுது என்று மகளிடம் சொன்னேன்.

அடுத்து நான் கேட்டது காற்றைப் பற்றி. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியதைக் கடலூர்க்காரன் எவனும் மறக்க மாட்டான். எதிர்வீட்டுத் தகரக் கூரை எங்கள் தென்னை மரத்தில் வந்து சுற்றிக்கொண்டது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். அப்படியிருக்க, கடலோரத்தில் இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கும் இலேசான வீட்டில் என் மகள் தூங்கப் போகிறாள் என்றால் கேட்காமல் எப்படி இருப்பேன்?

மாப்பிள்ளை பொறுமையாகப் படித்துப் பார்த்துச் சொன்னார். 1976 ஜூன் 15 முதல் இந்த வீடுகளுக்கு அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறை வகுத்த கட்டுமான விதிகள் நடப்பில் இருக்கின்றன. அதற்கு முன் கட்டியவற்றைக் காப்பீட்டுக்காரரும் கடன் கொடுப்பவரும் தொடத் தயங்குகிறார்கள், பல மனைக்காரர்கள் உள்ளேயே விடுவதில்லை. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி ஃபுளோரிடாவில் இந்த வகை வீடுகளைத் துவம்சம் செய்த பிறகு, 1994இல் காற்றுக்கான விதிகளைக் கடுமையாக்கினார்கள். நாட்டை மூன்று காற்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். உள்நாட்டின் பெரும்பகுதி முதல் மண்டலம். கார்ப்பஸ் கிறிஸ்டி இருக்கும் நியூசெஸ் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) இரண்டாம் மண்டலம், அதாவது மணிக்கு 100 மைல் வேகக் காற்றைக் கணக்கில் வைத்துக் கட்ட வேண்டிய இடம்.

"அப்படியானால் நாம் பார்க்கும் வீடு எந்த மண்டலத்துக்குக் கட்டியது?" என்று கேட்டேன். அதை அவர்களும் பார்த்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை இருவரும் வண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே பகல், இங்கே நள்ளிரவு. கைப்பேசித் திரையில் நானும் கூடவே நடந்தேன். வீட்டின் பின்பக்கச் சுவரில் அடியோரமாக உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு அலுமினியத் தகடு ஒன்று ஆணியடித்திருந்தது. மூன்று எழுத்துகளும் அதையடுத்து எண்களும் பதிந்திருந்தன. வெயிலில் சிவப்பு வெளுத்திருந்தாலும் விரலால் தடவினால் எண் தெரிந்தது. "அதைப் படம் எடுத்துக்கொள். அதுதான் இந்த வீட்டின் சர்வே எண்" என்றேன்.

உள்ளே போனார்கள். குளியலறை வாசலில் மாப்பிள்ளை குதிகாலால் அழுத்தினார். விரிப்புக்குக் கீழே தரை அமுங்கி மெல்ல மேலே வந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டால் ஊறி உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய உறுதி திரும்பாது. பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டோம்.

பிறகு சமையலறை. பாத்திர அலமாரியின் கதவைத் திறந்து மகள் கைப்பேசி விளக்கைப் பிடித்தாள். கதவின் உட்புறத்தில் பழுப்பேறிய காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் ஓரம் கறுத்திருந்தது. செய்த நிறுவனம், 2003ஆம் ஆண்டு, கூரை தாங்கும் பாரம், அதற்குக் கீழே சிறியதாக அமெரிக்க வரைபடம், பக்கத்தில் ஒரு கட்டம். கட்டத்தில் ஒன்றாம் மண்டலம் என்று இருந்தது.

டெக்சாஸ் சட்டப்படி 1997 செப்டம்பர் 1 முதல் கட்டிய வீட்டை இரண்டாம் மண்டலத்தில் நிறுவ வேண்டுமானால், அது இரண்டாம் மண்டலத்துக்கென்றே கட்டியதாக இருக்க வேண்டும். இந்த வீட்டை இழுத்துவந்திருந்தால் 38,000 டாலருக்கு வைக்க இடமில்லாத பெட்டி ஒன்று கையில் இருந்திருக்கும். விற்க வந்தவர் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வர மூன்று மணி ஆயிற்று.

இப்போது வேறொரு வீட்டைப் பார்த்திருக்கிறார்கள். 2011இல் செய்தது, இரண்டாம் மண்டலத்துக்குக் கட்டியது, கார்ப்பஸ் கிறிஸ்டியிலேயே ஒரு வாடகை மனை வளாகத்தில் ஏற்கெனவே நிற்கிறது. விலை 46,000. இழுக்கும் செலவு இல்லை. ஆனால் அடிமனைக்கு மாதம் 520 டாலர்.

கணக்குப் போட்டேன். ஆண்டுக்கு 6,240. வாடகை ஒரு டாலர்கூட ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் 15 ஆண்டுகளில் 93,600. வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மனை நம் பெயரில் இல்லாததால் வழக்கமான வீட்டுக்கடன் கிடைக்காது. அசையும் சொத்துக்குக் கொடுக்கும் கடன்தான். வட்டி கூடுதல், காலம் குறைவு. 16,000 கையிலிருந்து போட்டு 30,000 கடன் வாங்கினால், 10 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்கு மாதத் தவணை 322 டாலர். கட்டி முடிக்கும்போது 58,000 கொடுத்திருப்பார்கள். அப்பாவிடம் வங்கிக்காரர் சொன்ன அதே காரணம், கடல் தாண்டியும் அப்படியே இருக்கிறது.

காப்பீட்டிலும் ஒரு சூட்சுமம். டெக்சாஸ் கடலோரக் கவுன்டிகளில் சாதாரண வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் புயற்காற்றைச் சேர்ப்பதில்லை, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். வெள்ளத்துக்கும் தனி. அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாகப் பணம் கட்டிய 30 நாள் கழித்தே நடப்புக்கு வரும். புயல்சின்னம் உருவான பிறகு ஓடிப் பயனில்லை.

ஒன்று மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அங்கே இந்த வீடுகளுக்கு மாநில வீட்டுவசதித் துறை உரிமை ஆவணம் கொடுக்கிறது. யார் உரிமையாளர், அடமானம் உண்டா, சொத்துவரி பாக்கி உண்டா என்பதை அந்தத் துறையின் இணையதளத்திலேயே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். நம் வில்லங்கச் சான்று போலத்தான். மாப்பிள்ளை தேடினார். இரண்டு ஆண்டு வரி பாக்கி வீட்டின் பேரில் நின்றது. வாங்கியிருந்தால் அது இவர்கள் தலையில் விழுந்திருக்கும். "பாக்கியைக் கட்டித் தீர்த்து ரசீது காட்டினால்தான் பேச்சு" என்று விற்பவருக்கு எழுதச் சொன்னேன். கட்டிவிட்டார்கள்.

இனி மனைக்காரரின் சம்மதம் வேண்டும். வீட்டை விற்பவர் சம்மதித்தால் மட்டும் போதாது. வளாகத்தார் இவர்களைக் குடியிருக்க ஏற்றுக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வாடகை எப்போது, எவ்வளவு ஏறும், குத்தகை எத்தனை ஆண்டு, நாளைக்கு விற்க நினைத்தால் வீட்டை அங்கேயே வைத்து விற்க விடுவார்களா, வளாகத்தையே வேறொருவர் வாங்கினால் இவர்கள் கதி என்ன, நாற்பது அடிக்கு மேல் நீளமுள்ள வீட்டைக் காலிசெய்ய எத்தனை நாள் கொடுப்பார்கள் என்று கேட்க வேண்டியவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று மகள் அந்த ஒப்பந்தத்தை அனுப்பினாள். 31 பக்கம். கடைக்குப் போய் அச்செடுத்து வந்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பதாம் பக்கத்தில் வாடகை உயர்வு பற்றிய பத்தி தொடங்குகிறது.