பங்காசினானிலிருந்து பாகியோவுக்கு: மாமியாரின் வாக்காளர் பதிவை மாற்றிய அனுபவம்

2025 மே 12, காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், பிலிப்பைன்ஸின் மலை நகரமான பாகியோவில் ஒரு பள்ளியின் மாடிப்படியில் என் மாமியார் மெதுவாக இறங்கி வந்தார். வாசலுக்கு வந்ததும் மை வைத்த வலது ஆள்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்த ஒரு சொட்டு மைக்காக நாங்கள் அலைந்தது ஒன்பது மாதத்துக்கு மேல். பிலிப்பைன்ஸில் பெண்ணெடுத்துக் குடும்பமான நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஊரிலிருந்து அழைத்து வந்த மாமனாரோ மாமியாரோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் படக்கூடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

மாமியாருக்கு 74 வயது. இலோகானோ பேசும் வீடு என்பதால் நானும் 'நனாங்' (அம்மா) என்றே கூப்பிடுவேன், என்னை 'பாரோக்' (மகனே) என்பார். மாமனார் இறந்த பிறகு, 2023 நவம்பரில் கீழே பங்காசினான் மாகாணத்தில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு மலைக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்குப் போக சாலையிலிருந்து நூறு படிக்கு மேல் இறங்க வேண்டும். செங்குத்தான சிமென்ட் படி, கைப்பிடி கிடையாது. வந்த முதல் மழைக்காலத்திலேயே நனாங் அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போனது. அன்றைக்கே சொல்லிவிட்டார், "அடுத்த மேயருக்கும் கவுன்சிலருக்கும் நான் இங்கேதான் ஓட்டுப் போடுவேன். செனட்டர் எவரும் இந்தப் படியில் இறங்கப் போவதில்லை."

முகவரி மாற்றம்தானே, ஒரு நாள் வேலை என்று நினைத்தோம்.

முதல் தவறு எங்களுடையது. பழைய ஊரில் பெயரை நீக்கிவிட்டுத்தான் புது ஊரில் சேர்க்க வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், நம்பினோம். 2024 ஜூலை கடைசியில் மூவரும் பேருந்தில் மலையிறங்கினோம். போக வர ஐந்து மணி நேரம், கீழே கொளுத்தும் வெயில். அங்கே தேர்தல் அலுவலக மேசையில் இருந்தவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "இங்கே ஒன்றும் செய்ய வேண்டாம், இப்போது குடியிருக்கும் ஊரில் விண்ணப்பியுங்கள், மற்றதை அலுவலகங்களே பார்த்துக்கொள்ளும்." அவர் சொன்னது சரிதான். யாரும் பழைய ஊருக்கு ஓடாதீர்கள். ஆனால் அவர் நனாங்கின் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தார். பார்த்தவர் முக்கியமான ஒரு விஷயத்தைச் சொல்லவே இல்லை. அது எங்களுக்குத் தெரிய இன்னும் ஒன்றரை மாதம் ஆனது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அந்த விஷயம் இதுதான். தொடர்ந்து இரண்டு வழக்கமான தேர்தல்களில் வாக்களிக்காதவரின் பதிவை முடக்கிவிடுவார்கள். 1996ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பரங்காய், அதாவது இங்குள்ள மிகச் சிறிய உள்ளாட்சிப் பிரிவு, அதற்கான தேர்தலும் இந்தக் கணக்கில் வரும். இதைப் பலர் கவனிப்பதில்லை. 2022 மே தேர்தலன்று நனாங் மருத்துவமனையில் மாமனாரின் கட்டிலருகே இருந்தார். 2023 அக்டோபர் 30 பரங்காய் தேர்தல் வந்தபோது மாமனார் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சரி, அந்த நிலையில் யார் வாக்குச்சாவடிக்குப் போவார்கள்? பதிவு முடங்கிவிட்டது. கடிதம் எதுவும் எங்கள் கைக்கு வரவில்லை.

ஆகஸ்டில் எங்கள் பகுதியில் நடந்த ஒரு பதிவு முகாமுக்குப் போனோம். பரங்காயில் வாங்கிய குடியிருப்புச் சான்றிதழும் செடுலாவும் (உள்ளூர் வரி கட்டிய சான்று) கையில் இருந்தன. விடிகாலையில் போய் வரிசையில் நின்று, பதினொன்றரைக்கு எங்கள் முறை வந்தது. இரண்டையும் புரட்டிப் பார்த்த எழுத்தர், "இவை அடையாள அட்டை ஆகாது" என்று திருப்பித் தந்துவிட்டார். செடுலாவை அடையாளமாக ஏற்கமாட்டார்கள், விதி அதுதான்; எங்கள் பரங்காய்ச் சான்றையும் அன்று ஏற்கவில்லை. நனாங் உடனே கைப்பையிலிருந்து மூத்த குடிமக்கள் அட்டையை எடுத்தார். எத்தனையோ ஆண்டுகளாக மருந்துக் கடையில் நீட்டி நீட்டி, அதிலிருந்த கையெழுத்து அழிந்து நீல நிழல் மட்டும் மிஞ்சியிருந்தது. எழுத்தர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கையெழுத்து இல்லையே, நனாங், இன்னொரு நாள் வாருங்கள்." குரலில் மரியாதை இருந்தது, மறுப்பதற்கு மனமில்லாத முகம்தான். ஆனாலும் ஒரு கிழவி அரை நாள் வரிசையில் நின்றபின் சொல்லும் பேச்சா அது? வரிசை ஆரம்பத்திலேயே ஒருவர் நடந்துவந்து அட்டைகளைப் பார்த்திருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமே.

தேசிய அடையாள அட்டை பங்காசினான் வீட்டு அலமாரியில் இருந்தது. மறுபடி மலையிறங்கினோம்.

செப்டம்பர் நடுவில் மூன்றாவது முயற்சி. பதிவுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30, அதனால் கூட்டம் இரண்டு மடங்கு. தேசிய அட்டையை ஏற்றார்கள். ஆனால் அதில் பழைய முகவரி. தேர்தல் நாளன்று அந்த நகரத்தில் ஆறு மாதமாவது குடியிருந்திருக்க வேண்டும், அதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். என் மனைவி போன மாதம் திருப்பித் தந்த அதே பரங்காய்ச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தாள். இந்த முறை வாங்கிக்கொண்டார்கள்! அடையாளத்துக்கு ஆகாத தாள் குடியிருப்புக்கு ஆகும். எனவே இரண்டையும் எடுத்துப்போங்கள், எதையும் வீட்டில் வைக்காதீர்கள்.

அப்புறம்தான் கணினியில் பார்த்துவிட்டு, "இவருடைய பதிவு முடங்கியிருக்கிறதே, இடமாற்றம் மட்டும் குறித்திருக்கிறீர்கள்" என்றார்கள். விண்ணப்பத்தில் 'இடமாற்றமும் மறுசெயலாக்கமும்' என்று இரண்டும் சேர்ந்த கட்டம் தனியாக இருக்கிறது. அதைக் குறித்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு நாங்கள் படிவத்தில் வீட்டிலேயே கையெழுத்து வாங்கி வந்திருந்தோம். கையெழுத்தும் கைரேகையும் அலுவலர் கண்முன்னால் வைக்க வேண்டியவை. புதுப் படிவம் எழுதி, மறுபடி வரிசையின் கடைசிக்குப் போங்கள் என்றார்கள். அங்கேதான் என் மனைவி குரலை உயர்த்தினாள். "என் அம்மா மூன்றாவது முறை வந்திருக்கிறார். இவர் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்." பின்னால் நின்ற ஜீப்னி ஓட்டுநர் ஒருவர், "நனாங் உட்காரட்டும், நான் காத்திருக்கிறேன்" என்றார். முகம் தெரியாத அந்த மனிதருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

கடைசியாகக் கைரேகை. நனாங் நாற்பது ஆண்டுகள் வீடு வீடாகத் துணி துவைத்தவர். விரல் நுனிகள் கூழாங்கல் போல வழவழவென்று இருக்கும். கருவியில் எத்தனை தடவை வைத்தாலும் பச்சை விளக்கு எரியவில்லை. அந்த மேசையில் இருந்த இளம்பெண் ஈரத்துணி கொண்டுவந்து ஒவ்வொரு விரலாகத் துடைத்து, தன் உள்ளங்கையில் வைத்துச் சூடுபடுத்தி, மெதுவாக அழுத்தினாள். கால் மணி நேரத்துக்குமேல் பொறுமையாகச் செய்தாள். அன்று பார்த்த எல்லாரிலும் அவளைத்தான் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் முந்தின இரவே விரல்களில் எண்ணெய் தடவி வைத்தால் நல்லது.

படிவத்தின் அடியில் கிழித்துத் தரும் ஒப்புகைத் துண்டைப் பத்திரமாக வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பம் கொடுத்ததோடு பதிவு முடிந்துவிடாது. தேர்தல் பதிவு வாரியம் கூடி ஒப்புதல் தர வேண்டும். எங்களுக்கு அக்டோபரில் தந்தது.

இனி நம்மைப் போன்ற வெளிநாட்டுக் குடிமக்களுக்கு ஒரு எச்சரிக்கை. மார்ச் 28இல் உள்ளூர்ப் பிரசாரம் தொடங்கியதும் தெருவெல்லாம் பாட்டும் பதாகையும்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் கவுன்சிலர் வேட்பாளருக்கு வேலை செய்தார். "ஒரு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வா, துண்டுத்தாள் கொடு" என்று கூப்பிட்டார். போகாதீர்கள். இந்த நாட்டுத் தேர்தல் சட்டத்தின் 81ஆம் பிரிவு, வெளிநாட்டவர் எந்த வேட்பாளருக்கும் நேராகவோ மறைமுகமாகவோ உதவுவதைத் தடுக்கிறது. பணம் கொடுப்பதும் குற்றம். சிறைத் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள். பத்து ஆண்டுகள் இங்கே வரி கட்டியிருந்தாலும் இதில் விலக்குக் கிடையாது. பழக்கத்துக்காகச் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிவிடாதீர்கள்.

வீட்டுக்குள் நனாங்குக்குப் பயிற்சி நடந்தது. பாகியோ புவியியல்படி பெங்கெட் மாகாணத்துக்குள் இருந்தாலும் மாகாணத்தைச் சாராத நகரம், ஆளுநர் பதவிக்கு இங்கே வாக்கில்லை. நனாங் பங்காசினானில் ஆளுநருக்கு வாக்களித்தே பழகியவர், அதை விளக்கவே ஒரு மாலை போனது. செனட்டர் 12, கட்சிப் பட்டியல் (ஆளுக்கு அல்ல, அமைப்புக்குப் போடும் வாக்கு) 1, கீழவை உறுப்பினர் 1, மேயர் 1, துணை மேயர் 1, கவுன்சிலர் 12. சீட்டில் நிரப்ப வேண்டியது மொத்தம் 28 வட்டம். மேயருக்கும் துணை மேயருக்கும் தனித்தனி வாக்கு, ஒருவர் ஒரு அணி, மற்றவர் வேறு அணி என்றும் போடலாம். குறைவாக நிரப்பினால் பரவாயில்லை. ஆனால் கவுன்சிலர் வரிசையில் 13 வட்டம் நிரப்பினால் அந்தப் பதவிக்கான பன்னிரண்டு வாக்கும் போய்விடும். நனாங் தன் 'கொடிகோ'வை, அதாவது யாருக்குப் போடுவது என்று எழுதிய துண்டுத்தாளை, பேத்தியின் நோட்டிலிருந்து கிழித்துத் தானே எழுதினார். பெயர், பக்கத்தில் வாக்குச்சீட்டு எண். எங்களுக்குக் காட்டவில்லை. கொடிகோ கொண்டுபோகலாம். உள்ளே போனதும் கைபேசியை வெளியே எடுக்கக் கூடாது.

தேர்தல் நாளில் மூத்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகளுக்குக் காலை 5 முதல் 7 மணி வரை முன்னுரிமை கொடுத்திருந்தார்கள். இது நல்ல ஏற்பாடு. ஐந்து மணிக்குக் குளிர், நனாங் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். நான் பள்ளி வாசலிலேயே நின்றுவிட்டேன், வாக்காளர் அல்லாதவனுக்கு உள்ளே வேலையில்லை. மனைவி உடன் போனாள்.

அரை மணி கழித்து மனைவி ஓடி வந்தாள். அறைக் கதவில் ஒட்டிய பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லையாம். எனக்குத் தலை சுற்றியது. மாமனார் வீட்டுப் பெயர் 'டெலா' என்று தொடங்கும். சிலர் அதைச் சேர்த்து எழுதுவார்கள், சிலர் 'டி லா' என்று பிரித்து எழுதுவார்கள். "இரண்டு விதமாகவும் தேடினாயா?" என்று கேட்டேன். தேடவில்லை. பட்டியலில் பிரித்து எழுதியிருந்தார்கள், அகர வரிசையில் ஒரு பக்கம் முன்னால் போய் உட்கார்ந்திருந்தது பெயர். அங்கே இருக்கும் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும், எண்ணைச் சொன்னால் வாக்குச்சாவடியை நடத்தும் ஆசிரியர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவருடைய அறை இரண்டு மாடி ஏறினால்தான். மூத்தவர்களுக்குத் தரைத்தளத்தில் தனி அறை வைத்திருந்தார்கள். அங்கே வாக்களித்தால், நிரப்பிய சீட்டை ஊழியர்கள் மேலே எடுத்துப்போய் இயந்திரத்தில் இடுவார்கள், அதற்குச் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். முழங்கால் முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. நனாங் மறுத்துவிட்டார். "மூன்று முறை வரிசையில் நின்றது என் சீட்டை இன்னொருவர் கையில் கொடுக்கவா? இயந்திரம் அதை விழுங்குவதை நான் பார்க்க வேண்டும்." கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். அந்தப் பள்ளிப் படிக்குக் கைப்பிடி இருந்தது.

மேலே நடந்ததை மனைவி சொல்லக் கேட்டதுதான். முதல் தடவை இயந்திரம் சீட்டை வெளியே தள்ளிவிட்டது. நனாங்கின் உதடு நடுங்கியதாம். வாக்குச்சாவடித் தலைவராக இருந்த ஆசிரியை, "பயப்படாதீர்கள் நனாங், திருப்பி வையுங்கள்" என்று சொல்லி மறுமுனையை உள்ளே விடச் சொன்னார். இரண்டாவது தடவை போய்விட்டது. வாக்குகளின் பெயர்கள் அச்சான ரசீது நீளமாக வந்தது. நனாங் கண்ணாடியைப் போட்டு, கொடிகோவைப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுச் சரிபார்த்தார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், அவர் அவசரப்படவில்லை. நீங்களும் அவசரப்படாதீர்கள். ரசீதைப் பெட்டியில் போட்டபிறகு திரும்ப எடுக்க முடியாது, வீட்டுக்குக் கொண்டுவரவும் கூடாது.

அப்புறம்தான் மை.

வீட்டுக்கு வந்து இஞ்சி போட்ட கஞ்சி குடித்துக்கொண்டே நனாங் கேட்ட முதல் கேள்வி, சவுதியில் எட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த தன் மகனின் பதிவு என்ன ஆனது என்பது. மச்சான் இன்னும் பார்க்கவில்லை. நனாங் எழுந்துபோய் மருந்துக் கடைக்குக் கொண்டுபோகும் புத்தகத்தைத் திறந்தார். உள்ளே மடித்து வைத்திருந்தது செப்டம்பரில் வாங்கிய அந்த ஒப்புகைத் துண்டு. அதை மச்சான் கையில் கொடுத்து, "இதே போல் ஒன்று வாங்கி வா" என்றார்.