இரண்டாம் கட்டில் ஒரு பாட்டில்

ஜனவரி 18
கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. வருஷத்தில் பாதி நாள் பூட்டுதான். தைக் கல்யாணத்துக்காகத் திறந்திருக்கிறார்கள். இரண்டாம் கட்டுத் தூணில், கனிந்த வாழைப்பழம் போட்ட பாட்டிலைக் கட்டினேன். “ஈயை விரட்ட நாங்க படாதபாடு படுறோம், நீ விருந்து வச்சுக் கூப்பிடுறியாக்கும்” என்றார் ஆச்சி. மாம்பழத்தில் புழு வைக்கும் ஈயா என்றும் கேட்டார். அது வேறு. என்னுடையது டிரோசோபிலா, புளித்த பழத்தில் இருக்கும் ஈஸ்டுக்காக வருவது. இன்னொரு பாட்டில் காரைக்குடியில், ஒரு பழக்கடைக்குப் பின்னால். இரண்டு இடத்து ஈக்களுக்கும் குரோமோசோமில் வித்தியாசம் உண்டா என்று பார்க்கத்தான்.

ஜனவரி 20
இரண்டிலும் பெரும்பாலும் டிரோசோபிலா அனனாசே என்ற இனம். மெலனோகாஸ்டர் என்ற இன்னொரு இனம் என்றால் ஆணின் வால்முனை கறுத்திருக்கும். இதில் வெளிர் மஞ்சள். வீட்டில் பிடித்த ஈ எது, கடையில் பிடித்த ஈ எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. ஒவ்வொரு பெண் ஈயையும் முட்டையிடத் தனிப் பாட்டிலில் விட்டேன். சாப்பாடு ரவை, வெல்லம், அகர், ஈஸ்ட். ஈஸ்ட் போடும்வரை கேசரி வாசம்தான்.

ஜனவரி 24
எறும்பு! நாலு பாட்டில் காலி. இனி தண்ணீர்த் தட்டில்தான் வைக்க வேண்டும்.

ஜனவரி 29
புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிரித்து, ஆர்சீன் சாயமிட்டு, கண்ணாடிக்கு அடியில் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். மூன்று கூழாகின. நான்காவதில், பல நூறு இழை சேர்ந்த கயிறு போலக் குரோமோசோம், குறுக்கே கருப்புப் பட்டைகள். நடுவில் சுருக்குப் போட்ட மாதிரி ஒரு வளையம். ஒரு துண்டு இரண்டு இடத்தில் ஒடிந்து தலைகீழாக ஒட்டியிருந்தால், நேரான ஜோடியோடு பட்டைக்குப் பட்டை சேர இப்படித்தான் வளைந்தாக வேண்டும். அந்தத் துண்டின் ஜீன்கள் பெரும்பாலும் பிரியாமல் மொத்தமாகவே பிள்ளைக்குப் போகும். ஓரிடத்துக்கு ஒத்துவந்தால் கூட்டமாகவே பெருகும். 1940களில் மரபியலாளர் டோப்சான்ஸ்கி கலிபோர்னியாவில் வேறொரு டிரோசோபிலாவில் எண்ணியது இதைத்தான். பருவம் மாற, எந்தத் தலைகீழ்த் துண்டு எவ்வளவு என்பதும் மாறியது.

மதியம் சாப்பிட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 2
வளையம் வீட்டு ஈயிலும் உண்டு, கடை ஈயிலும் உண்டு. கூடவா குறைவா என்பதுதான் கேள்வி. ஒரு தாய்க்கு ஒரு புழுதான் எண்ணலாம். அக்கா தங்கைகளைச் சேர்த்தால் கணக்குப் பொய்யாகும். எறும்பு போக மிச்சம் பத்தொன்பது தாய்கள். இதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். அதுவும் போக, கல்யாணத்துக்கு வாழைத்தார் வந்தது காரைக்குடியிலிருந்துதானே! ஈயும் வேனில் ஏறி வந்திருக்கும்.

பூட்டிய வீட்டில் பிடிக்க வேண்டும். ஆச்சி ஊருக்குக் கிளம்புமுன் கேட்டேன். “சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. பங்குனியில வா. பழத்தை மட்டும் உள்ளே அழுக விட்டுட்டுப் போயிராதே.”