கருமணலும் 'கனம்' என்ற சொல்லும்

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகன், மணவாளக்குறிச்சிக் கடற்கரையைப் பற்றித் தன் குறிப்பேட்டில் "கருமணலுக்கு எடை அதிகம்" என்று எழுதியிருந்தான். அதைப் பிழை என்று உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பேச்சில் 'கனம்' என்ற ஒரே சொல் நிறை, எடை, அடர்த்தி ஆகிய மூன்றுக்கும் பொதுவாக வழங்குகிறது. ஆனால் ஒரு கைப்பிடிக் கருமணலைவிட ஒரு சாக்கு வெள்ளை மணலுக்குத்தான் எடை அதிகம். அவன் சொல்ல வந்தது அடர்த்தியை.

நிறை என்பது பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு; எடை என்பது அதைப் பூமி இழுக்கும் விசை. நம் கன்னியாகுமரி மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கு ஈர்ப்பு முடுக்கம், அதாவது விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் கூடும் அளவு, ஏறத்தாழ விநாடிக்கு 9.78 மீட்டர்; துருவத்தில் 9.83. இங்கே 50 கிலோ காட்டும் அரிசி மூட்டையை அதே வில்தராசோடு துருவத்துக்குக் கொண்டுபோனால், அது சுமார் 250 கிராம் கூடுதலாகக் காட்டும். படிக்கல் வைத்து நிறுக்கும் தராசிலோ எந்த மாற்றமும் தெரியாது, ஏனெனில் படிக்கல்லும் அதே விகிதத்தில் கூடுதலாக இழுக்கப்படுகிறது.

அடர்த்தியை மட்டும் அவன் கையாலேயே அளந்து பார்க்கட்டும் என்று, இரு வகை மணலையும் சிறிதளவு எடுத்துக் காயவைத்தோம். ஒரு லிட்டர் டின்னில் தலைதட்டி நிறுத்தபோது வெள்ளை மணல் ஒன்றரைக் கிலோவைச் சற்றே தாண்டியது. கருமணல் இரண்டரைக் கிலோவை நெருங்கியது. இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது, ஏனெனில் டின்னுக்குள் மணலோடு மணலாக, மணிகளுக்கு இடையே காற்றும் நிறைந்திருக்கிறது. ஆகவே அளவுகோடிட்ட குவளையில் தண்ணீர் எடுத்து, அதில் 500 கிராம் வெள்ளை மணலைக் கொட்டினோம். நீர்மட்டம் ஏறத்தாழ 190 மில்லி உயர்ந்தது. அதே 500 கிராம் கருமணலுக்கு 120 மில்லிகூட உயரவில்லை. வகுத்துப் பார்த்தால் முன்னதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.6 கிராமைத் தாண்டுகிறது, பின்னது 4 கிராமைத் தாண்டுகிறது. வெள்ளை மணலில் மிகுந்துள்ள குவார்ட்சு என்ற கனிமத்துக்கு நூல்கள் தரும் அளவு 2.65, கருமணலுக்குக் கருமை தரும் இல்மனைட் என்ற கனிமத்துக்குச் சுமார் 4.7, அதனோடு கலந்திருக்கும் மோனசைட்டுக்குச் சுமார் 5. குவளையும் தராசும் இவ்வளவு நெருங்கி வந்ததில் அவனைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி அதிகம்.

ஆனி, ஆடி மாதங்களில் கடல் சீறி அடங்கிய பிறகு கரையில் கரிய வரிகள் படிந்து கிடப்பதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். ஏறிவரும் அலை எல்லா மணலையும் வாரிக்கொண்டு வருகிறது. திரும்பும் நீரோ இலேசான குவார்ட்சைத்தான் எளிதில் இழுத்துச் செல்கிறது. இதில் நீரின் பங்கு இன்னும் நுட்பமானது. காற்றில், ஒரே பருமனுள்ள இல்மனைட் மணி குவார்ட்சு மணியைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு எடையுள்ளது. நீருக்குள் இரண்டும் தாம் விலக்கிய நீரின் எடையளவு இழப்பதால், இரண்டின் அடர்த்தியிலிருந்தும் நீரின் அடர்த்தியான 1-ஐக் கழித்தால் எஞ்சுவது 3.7-க்கு 1.65, அதாவது 2.2 மடங்கு.