பாறைக்குப் பின்னால் வரும் அலை

முட்டத்துக் கடற்கரைக்கு அருகிலுள்ள மீனவக் கிராமம் ஒன்றில் பிறந்தவன் நான். என் அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். சிறுவயதில் அவரோடு ஒருமுறை கடலுக்குள் சென்றபோது, கரையிலிருந்து சற்றுத் தள்ளி நீரிலிருந்து எழுந்து நிற்கும் ஒரு பெரிய பாறையைக் காட்டி, அதன் மறைவில் வள்ளத்தை நிறுத்தினால் ஆட்டம் இருக்காதே என்று கேட்டேன். "பாறைக்கு மறவுல கடல் அடங்கிக் கெடக்கும்னு நம்பிராத மக்களே" என்று சொல்லிவிட்டு, அவர் வள்ளத்தைப் பாறையைச் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டினார். தெற்கிலிருந்து வந்த அலை பாறையின் இரு பக்கமும் பிரிந்து, பின்பக்கம் வளைந்து வந்து, ஒன்றையொன்று ஊடறுத்துச் சென்றது. அவை சந்தித்த இடங்களில் நீர் வலைக் கண்களைப் போல மேடும் பள்ளமுமாகக் குதித்தது; வள்ளம் முன்னைவிட மோசமாக ஆடியது.

பல ஆண்டுகள் கழித்து, பிளஸ் டூ மாணவர்களுக்கு அலை ஒளியியல் நடத்தத் தொடங்கிய பிறகே அன்று பார்த்தவற்றுக்குப் பெயர் தெரிந்தது. தடையின் ஓரத்தில் அலை வளைந்து நிழல் பகுதிக்குள் புகுவது விளிம்பு விளைவு. அப்படி வந்த இரண்டு அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து சில இடங்களில் ஓங்குவதும் சில இடங்களில் அடங்குவதும் குறுக்கீட்டு விளைவு. பாடநூல் இவற்றைத் தனித்தனித் தலைப்புகளில் வைத்தாலும், அந்தப் பாறைக்குப் பின்னால் இரண்டும் ஒரே நிகழ்வாகத்தான் இருந்தன. ஒரு விவரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கரையோரத்தில் அலை வளைவதற்கு ஆழம் குறைவதும் ஒரு காரணம். ஆழம் குறைந்த பக்கம் அலையின் வேகம் தணிவதால் அது திரும்புகிறது, அதற்குப் பெயர் ஒளிவிலகலைப் போன்ற விலகல். நம் கடற்கரையில் எந்தத் திசையிலிருந்து புறப்பட்ட அலையும் கடைசியில் கரைக்கு ஏறக்குறைய இணையாக வந்து விழுவது இந்த விலகலால்தான். இதையும் விளிம்பு விளைவு என்றே சில காலம் வகுப்பில் சொல்லிவந்தேன், அது தவறு.

கடல் அலை வளைவதை நாம் கண்ணால் பார்க்கிறோம், ஒளி வளைவதை ஏன் பார்ப்பதில்லை? விடை அளவில் இருக்கிறது. 10 விநாடிக்கு ஒன்றாக வரும் அலை, 5 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை ஏறத்தாழ 70 மீட்டர் நீளம் கொண்டது; இதுவே அலைநீளம். அதன் எதிரே 20 மீட்டர் அகலமுள்ள பாறை ஒரு பெரிய தடையே இல்லை. சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற துறைமுகங்களில் அலைத்தடுப்புச் சுவர்களுக்கு இடையிலுள்ள வாயில் வழியாக நுழையும் அலை, உள்ளே நேர்கோட்டில் மட்டும் போகாமல் விசிறிபோல் விரிவதும் வாயிலின் அகலமும் அலைநீளமும் ஒப்பிடத்தக்க அளவில் இருப்பதால்தான். ஒளியின் அலைநீளமோ ஊதாவில் ஏறத்தாழ 400 நானோமீட்டர், சிவப்பில் 700 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் பச்சை ஒளியின் அலைகள் ஏறத்தாழ 2,000 அடங்கிவிடும்.

இத்தனை சிறிய அலை என்றாலும், அது விளிம்பில் விட்டுச்செல்லும் தடம் கண்ணுக்கே எட்டாத அளவுடையது அன்று. கதவின் நிழல் 10 மீட்டர் தொலைவில் விழுவதாகக் கொண்டால், அதன் ஓரத்தில் தோன்ற வேண்டிய வரிகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஆனால் சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வானில் அரைப் பாகை அகலம் கொண்டிருப்பதால், அதே தொலைவில் நிழலின் விளிம்பு ஒன்பது சென்டிமீட்டர் அளவுக்கு மங்கிவிடுகிறது. அந்த மங்கலுக்குள் வரிகள் புதைந்துபோகின்றன. ஆகவே ஒளியின் வளைவைக் காண விரும்புபவர் முதலில் செய்ய வேண்டியது ஒளியைச் சிறிய துளை வழியாக வரவழைப்பதுதான். இத்தாலியின் கிரிமால்டி அதைத்தான் செய்தார். நிழல் இருக்க வேண்டிய அளவைவிட வேறுபட்டிருப்பதையும் அதன் ஓரத்தில் வண்ண வரிகள் இருப்பதையும் அவர் கண்டு எழுதியது, அவர் இறந்த பிறகு 1665-ல் நூலாக வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் 1803-ல் விவரித்தது. யங் என்றவுடன் மாணவர்கள் இரண்டு மெல்லிய பிளவுகள் வழியாக ஒளியை விடும் இரட்டைப் பிளவு ஆய்வை மட்டுமே நினைக்கிறார்கள். அந்த ஆண்டு அவர் எடுத்துக்கொண்டது ஓர் அட்டைத் துண்டு. அதன் அகலம் ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. சன்னல் மறைப்பிலிருந்த சிறு துளை வழியாக வந்த சூரிய ஒளியின் குறுக்கே அதை நிறுத்தியபோது, அட்டையின் நிழலுக்குள்ளேயே வரிகள் தெரிந்தன. பிறகு அட்டையின் ஒரு பக்கம் வரும் ஒளியை மட்டும் மறைத்தார். மறுபக்கத்து ஒளி முன்போலவே வந்துகொண்டிருந்தும் நிழலுக்குள் இருந்த வரிகள் மறைந்துபோயின. ஒரு பக்கத்து ஒளி மட்டும் அந்த வரிகளை உண்டாக்கியிருக்க முடியாது. இரு பக்கமும் வளைந்து வந்தவை சந்தித்ததால்தான் அவை உண்டாயின. எங்கள் பாறையின் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால் பின்னால் அந்த வலைக் கண் அலைகள் இருக்காது என்பதை அப்பாவிடம் கேட்டிருந்தால் அவரும் சொல்லியிருப்பார்.

1818-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ஃபிரெனெல், ஒளியை அலையாகக் கொண்டு போட்ட தம் கணக்கைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசுப் போட்டிக்கு அனுப்பியபோது, நடுவர்களில் ஒருவரான புவாசோன் அதை ஏற்கவில்லை. அந்தக் கணக்கு சரியென்றால் வட்டமான தடை ஒன்றின் நிழலின் நட்டநடுவில் வெளிச்சப் புள்ளி தோன்ற வேண்டுமே, அது நடக்கக்கூடியதா என்பது அவருடைய மறுப்பு. இன்னொரு நடுவரான அரகோ சிறிய வட்டத் தகட்டை வைத்துப் பார்த்தார், புள்ளி இருந்தது. இதை நீங்களே செய்யலாம். சைக்கிள் கடையில் கிடைக்கும் 4 மில்லிமீட்டர் பால்ரஸ் குண்டு ஒன்றைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, சிறிய வில்லையால் விரித்த லேசர் ஒளியில் நிறுத்தி, நான்கைந்து மீட்டர் தள்ளியுள்ள சுவரைப் பாருங்கள். கறுத்த வட்டத்தின் மையத்தில் கடுகிலும் சிறிய சிவப்புப் புள்ளி ஒன்று ஒளிரும். குண்டின் விளிம்பு முழுவதிலிருந்தும் மையத்துக்கு உள்ள தூரம் ஒன்றே என்பதால், அங்கு வந்து சேரும் அலைகள் எல்லாம் மேடாகவே சேர்கின்றன.

இந்தத் துறையில் நம் பக்கத்துப் பெயர் ஒன்றும் உண்டு. சி. வி. ராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை, அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது 1906 நவம்பரில் லண்டன் இதழொன்றில் வெளிவந்தது. செவ்வகத் துளையில் சாய்வாக விழும் ஒளி உண்டாக்கும் சமச்சீரற்ற விளிம்பு விளைவுப் பட்டைகளே அதன் பொருள். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நிறைகிறது.

வகுப்பில் நான் தவறாமல் செய்வது தலைமுடியை அளப்பது. ஒரு முடியை அட்டைச் சட்டத்தில் இழுத்து ஒட்டி, 650 நானோமீட்டர் சிவப்பு லேசரை அதன்மேல் விழச் செய்து, 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் தோன்றும் இருண்ட இடங்களின் இடைவெளியை அளவுகோலால் அளக்கிறோம். லேசரை யார் கண்ணிலும் பட விடுவதில்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவியின் முடிக்கு அந்த இடைவெளி 2.6 சென்டிமீட்டர் வந்தது. அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி இடைவெளியால் வகுத்தால் 75 மைக்ரோமீட்டர். பள்ளிக்கூட அளவுகோலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மில்லிமீட்டரில் பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதை அளந்துவிட்டோம்.

அந்தப் பெண் கேட்ட கேள்வியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். இருண்ட இடத்துக்கு வந்த வெளிச்சம் எங்கே போயிற்று, ஐயா, அது அழிந்துவிட்டதா என்று கேட்டாள். பாடநூல் அழிவுக் குறுக்கீடு என்று எழுதிவிடுவதால் வரும் ஐயம் அது. இரண்டு சம அலைகள் மேடும் மேடுமாகச் சேருமிடத்தில் உயரம் இரு மடங்காகிறது. ஒளிச்செறிவு உயரத்தின் இருமடியைப் பொறுத்ததால் ஓர் அலை தருவதைப்போல நான்கு மடங்காகிறது. மேடும் பள்ளமும் சேருமிடத்தில் அது சுழியாகிறது. நான்கையும் சுழியையும் சராசரி எடுத்தால் இரண்டு. இரண்டு அலைகள் கொண்டுவந்ததும் அதுவே. இருளிலிருந்து குறைந்தது பக்கத்திலுள்ள வெளிச்சத்தில் சேர்ந்திருக்கிறது. பாறைக்குப் பின்னால் ஓரிடம் அடங்கியிருந்தபோது அடுத்த இடம் அவ்வளவு உயரமாகக் குதித்ததும் இதனால்தான்.

லேசர் இல்லாதவர்கள் குடையை எடுத்துக்கொள்ளலாம். 1785-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஃபிரான்சிஸ் ஹாப்கின்சன் பட்டுக் கைக்குட்டை வழியாகத் தெருவிளக்கைப் பார்த்து வியந்து வானியலாளர் ரிட்டன்ஹவுஸிடம் கேட்க, அவர் முடிகளை நெருக்கமாக வரிசையிட்டுக் கட்டி, ஒளியை நிறம் பிரிக்கும் நெருங்கிய இடைவெளி வரிசையான கீற்றணி ஒன்றையே செய்து ஆராய்ந்தார். ஆனி மாத மழையில் இரவு பேருந்துக்காக நிற்கும்போது, தொலைவிலுள்ள தெருவிளக்கைக் குடைத்துணியின் ஊடாகப் பாருங்கள். விளக்கைச் சுற்றிக் கூட்டல் குறி வடிவில் புள்ளிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் விளக்குப் பக்கம் நீலமும் வெளிப்பக்கம் சிவப்புமாக நிறம் பிரிந்திருக்கும். துணியை மெல்லச் சாய்த்தால் பார்வைக்கு இழைகள் நெருங்குகின்றன, அந்தத் திசையில் மட்டும் புள்ளிகள் விளக்கை விட்டு விலகிப் போகின்றன.